கிளாரெட் கசந்த வீடு

அத்தியாயம் 5

கனகசபை ஒருவரைச் சந்தேகத்தோடு உற்றுப் பார்ப்பதைக் கண்டால் அவர் மனைவி தங்கரத்தினத்துக்குப் பெருமை பொங்கும். அந்த ஒருவர் பெண்ணாக இருந்து, பார்க்கவும் வடிவாக இருந்துவிட்டால் பொங்குவது வேறு.

அன்று காலை அப்படியொரு ஆபத்து காத்திருப்பது அவளுக்குத் தெரியாது. கிள்ளானில், மளிகையும் மதுவும் விற்கும் வேலாயுதத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தோசையையும் முதல் நாள் மீன் சம்பாலையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில்வேயில் சரக்குத் திருடர்களைப் பிடித்துக்கொண்டிருந்த கனகசபை, அந்த வேலையை விட்டுவிட்டுப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் 'துப்பறிபவர்' என்று பலகை மாட்டிய நாள் முதல் தங்கரத்தினம்தான் அவருடைய உதவியாள். சம்பளம் கிடையாது. வாய்க்குப் பூட்டும் கிடையாது.

விடிந்ததும் காரை அனுப்பி அவர்களை அழைத்து வரச் செய்தவள் இராஜம்மா. வேலாயுதத்தின் அக்கா. இளம் வயதிலேயே கணவனை இழந்தவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

"எப்படியாவது என் தம்பி மனசை மாத்துங்கய்யா," என்றாள் அவள், தோசை போட்ட கையோடு. "சாயங்கால ரயில்ல பெண்டாட்டி சந்திரகலாவை அவங்க அப்பா வீட்டுக்கு ஈப்போவுக்கு ஏத்தி அனுப்பப் போறானாம். அனுப்பிட்டான்னா திரும்பக் கூப்பிட மாட்டான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும்."

அதற்குள் வேலாயுதமே வந்துவிட்டார். அலமாரியைத் திறந்து, பாதி காலியான ஒரு போத்தலைப் பாம்பைப் பிடிப்பது போல இரண்டு விரலால் தூக்கி மேசையில் வைத்தார்.

"இதுதான் சார் சாட்சி. பிரான்ஸ்ல இருந்து வந்த கிளாரெட், சிவப்பு வைன். கேபர்னே, மெர்லோ ரெண்டு திராட்சையும் கலந்தது." வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னார். "ஒரு பெட்டி வரவழைச்சேன். பிரெஞ்சுக்காரத் தோட்டத்து மேனேஜர் துரை நேத்து ராத்திரி விருந்துக்கு வந்தார். இது பிடிச்சிருந்தா அவங்க கிளப்புக்கெல்லாம் இனிமே நம்ம கடை சரக்குதான். ஒரு வாய் குடிச்சார். முகத்தைப் பாக்கணுமே! துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி. தலைவலின்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார்."

"போத்தலைத் திறந்தது ஆர்?" என்று கேட்டார் கனகசபை.

"நான்தான். காத்துப் படணும்னு முன்னாடியே திறந்து வெச்சுட்டு, துரையைக் கூட்டிவரப் போயிட்டேன். அந்த நேரத்துல வீட்டுல இருந்தவ என் பெண்டாட்டி. என்னத்தையோ கலந்துட்டா."

"ஏன் கலக்கோணும்?"

"பொறாமை சார்! மார்க்கிரட்னு ஒரு டீச்சர். புதுச்சேரிக்காரங்க. வியாழக்கிழமை வியாழக்கிழமை இங்க வந்து எனக்கு வைன் பாடம் சொல்லித் தந்தாங்க. எப்படிச் சுழட்டணும், எப்படி மோந்து பாக்கணும், எல்லாம். அது இவளுக்குப் பொறுக்கல. ரெண்டு வாரமா என்கூடப் பேச்சு இல்ல. நானும் பேசறதில்ல."

தங்கரத்தினம் தோசையிலிருந்து தலையைத் தூக்கினாள். "பாடம் படிக்கேக்க ரெண்டு பேரும் தனியாவோ இருந்தனீங்கள்?"

"சே சே! நம்ம வீட்டுல அப்படி விடுவாங்களாம்மா?"

"அப்ப விட்டிருந்தா இருந்திருப்பியள்," என்று தட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தாள். முகம் கோணிப் போயிற்று. "இராஜம்மாக்கா, இதை என்ன துருப்பிடிச்ச சட்டியிலயோ காய்ச்சினனீங்கள்? உங்கட துரைக்கு வந்த வருத்தம் எனக்கும் வந்திட்டுது."

"மீன் தின்ன வாய்க்கு வெறுந்தேத்தண்ணி அப்படித்தாம்மா இருக்கும்." இராஜம்மா ஓடிவந்து பாலை ஊற்றினாள். "இப்பக் குடிங்க. பால் போய் துவர்ப்பைக் கட்டிப் போட்டுரும்."

அவள் சொன்னது சரிதான். அடுத்த வாய் வெல்லமாக இறங்கிற்று.

கனகசபை மேசையைச் சுற்றி வந்தார். மெருகு போட்ட பலகையில் ஓரிடத்தில் வட்டமாக வெளுத்திருந்தது. "இதென்ன?"

"ஐஸ் வாளி வெச்ச தடம் சார். போத்தலை ஐஸ்ல வெச்சிருந்தா."

"சாப்பாடு என்ன?"

"தெங்கிரி மீன். சிலி பாடி மிளகாய் அரைச்ச சம்பால். நான் ஆட்டுக்கறிதான் சொல்லியிருந்தேன். பாசார்ல கறி நல்லா இல்லை, மீன்தான்னு பதில் வந்துச்சு. சரி, தெங்கிரி கறியைவிட விலைதானேன்னு விட்டுட்டேன்."

சந்திரகலா உள்ளறையில் தகரப் பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது அழுது அழுகை தீர்ந்துபோன முகம். தங்கரத்தினம் அருகில் போய் நின்றதும் நிமிராமலே பேசினாள். "நான் எதையும் கலக்கலைக்கா. அவருக்கு நம்பிக்கை இல்ல. நம்பிக்கை இல்லாத இடத்துல நான் எதுக்கு?"

மேலும் கேட்டால் உடைந்துவிடுவாள் போலிருந்தது. தங்கரத்தினம் ஒரு புடவையை மட்டும் எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

"போத்தலுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரிஞ்ச ஆளிட்டைத்தான் கேக்கோணும்," என்றார் கனகசபை, மேசையிலிருந்த போத்தலை எடுத்துக்கொண்டு. "வெளிக்கிடு. மார்க்கிரட் வீட்டை போவம்."

மார்க்கிரட்டின் வீடு போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போகும் ரோட்டில் இருந்தது. கதவைத் திறந்தவளைப் பார்த்ததுமே தங்கரத்தினத்துக்குச் சந்திரகலாவின் அழுகை முழுவதும் புரிந்துபோயிற்று. நாற்பதை நெருங்கும் வயது, வெள்ளைச் சேலை, கழுத்தில் ஒரு மெல்லிய சிலுவை, எதற்கும் அவசரப்படாத கண்கள். போதாததற்கு வாசனைத் தண்ணீர் வேறு.

அவள் போத்தலை முகர்ந்து பார்த்தாள். இரண்டு கிளாசில் கொஞ்சம் ஊற்றி, ஒன்றைக் கனகசபையிடம் நீட்டினாள். தங்கரத்தினத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க, என்கிட்ட ரெண்டு கிளாஸ்தான் இருக்கு," என்றாள்.

"பரவாயில்லை. இவர் குடிச்சா எனக்குத்தான் முதல்ல ஏறும்."

"மெதுவாச் சுழட்டுங்க. இப்ப மூக்கை உள்ள விடுங்க. கண்ணை மூடிக்கங்க. என்ன தெரியுது?"

கனகசபை கண்ணை மூடிக்கொண்டார். "நாவல்பழம்... பிறகு, சுருட்டுப் பெட்டி மரம் மாதிரி ஒண்டு..."

"அடடா, என்ன மூக்கு உங்களுக்கு!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், தான் தாளித்த எந்தக் கறியையும் இந்த மனுஷன் கண்ணை மூடி முகர்ந்ததில்லை என்பது தங்கரத்தினத்துக்கு அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. "இஞ்சாருங்கோ," என்றாள். "கவனம். உள்ளுக்கு விட்ட மூக்கை வெளியில எடுக்கத் தச்சனைக் கூப்பிட வேண்டி வரும்."

மார்க்கிரட் சிரித்தாள். சிரிப்பும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

"இதுல யாரும் எதையும் கலக்கலைங்க. இது நல்ல வைன். குணம்தான் கொஞ்சம் கண்டிப்பு. கிளாரெட்டுன்னா பிரான்ஸ்ல போர்தோங்கற ஊர்ப் பக்கத்து வைன். அதை ஒரு கல்யாணம்னு வெச்சுக்கங்க. கேபர்னே புருஷன். முறுக்குன ஆள். வாயில வெச்சதும் பச்சைப் பாக்கு மென்ன மாதிரி துவர்ப்பு. மெர்லோ பெண்டாட்டி. பழுத்த பழம் மாதிரி மெத்துனு இருக்கும். ரெண்டும் சேர்ந்தாதான் சுவை. ஆனா வெறும் வாயில குடிச்சா புருஷன் சத்தம்தான் கேக்கும். கொழுப்போட ஆட்டுக்கறி, நெய்யில வறுத்த ஈரல், இப்படி ஏதாவது கூட இருந்தா, கொழுப்பு போய் துவர்ப்பைக் கட்டிப் போட்டுரும். அதுக்கப்புறம்தான் பெண்டாட்டி வாயைத் திறப்பா."

"ஆகாதது என்ன?" என்றார் கனகசபை.

"மூணு. மீன் ஆகாது, துவர்ப்பும் மீன் எண்ணெயும் சேர்ந்தா இரும்பை நக்கின மாதிரி ஆயிடும். மிளகாய்க் காரம் ஆகாது, தொண்டை எரிஞ்சு கசக்கும். ஐஸ் ஆகாது. ஐஸ் பட்டா வாசனை தூங்கிடும், துவர்ப்பு முழிச்சுக்கும். இந்த ஊர் வெயிலுக்கு ஈரத்துணியைச் சுத்தி ஜன்னல்ல வெச்சாலே போதும். வேலாயுதம் சாருக்கு ஒவ்வொரு பாடத்துலயும் இதைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார்."

"எதைப் பாத்து ஆட்டினவரோ," என்றாள் தங்கரத்தினம்.

மார்க்கிரட்டின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "நானும் கவனிச்சேன்மா. அவர் பாடத்தைக் கேக்கலை, பேரை மட்டும் மனப்பாடம் பண்ணினார். நான் பியானோ சொல்லிக் குடுத்துப் பிழைக்கறவ, கூப்பிட்ட இடத்துக்குப் போறேன். ஒரு நாளும் அங்க தனியா இருந்ததில்ல. நான் பேசற நேரமெல்லாம் மூலையில பாக்குவெட்டிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். நேத்து என்ன பரிமாறினாங்க?"

"தெங்கிரி மீன், சிலி பாடிச் சம்பால், ஐஸ் வாளி," என்றார் கனகசபை.

மார்க்கிரட் நெஞ்சில் கை வைத்தாள். "மூணுமா?"

"குற்றம் போத்தலுக்குள்ள நடக்கேல்லை," என்று கனகசபை மெதுவாகச் சொன்னார். "தட்டில நடந்திருக்கு."

தங்கரத்தினம் எழுந்து நின்றாள். பொறாமை ஒருபக்கம் எரிந்தாலும் மூளை தன்பாட்டில் வேலை செய்தது. "ஒண்டும் தெரியாத ஆள் செய்திருந்தா மூண்டில ஒண்டாவது தப்பித்தவறிச் சரியா வந்திருக்கும். மூண்டையும் பிழையாச் செய்யிறதெண்டா, மூண்டும் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கோணும். பாடம் நடந்த இடத்தில இருந்தது மாணாக்கனும் வாத்தியாரும். மாணாக்கன் தன்ர விருந்தைத் தானே கெடுப்பானோ?" மிச்சத்தை அவள் சொல்லவில்லை. மார்க்கிரட்டைப் பார்த்த பார்வையே சொல்லிற்று.

"வாத்தியார் மட்டும் தன்ர பாடத்தைத் தானே கெடுப்பாவோ?" என்றார் கனகசபை. "விருந்து கெட்டா இவவுக்கு என்ன லாபம்?"

அவர் அவள் பக்கம் பேசிவிட்டார். போதும். தங்கரத்தினம் விடுவிடுவென்று காருக்குப் போய்விட்டாள். கனகசபை பின்னால் வந்து சேர்ந்தபோது அவர் ஒரு கையில் வேலாயுதத்தின் போத்தலும், மறு கையில் பழுப்புத்தாள் சுற்றிய ஒரு பொட்டலமும் இருந்தன. பொட்டலத்தில் என்னவென்று அவள் கேட்கவில்லை. கேட்பதற்குப் பேச வேண்டுமே.

கார் கிள்ளானை நோக்கித் திரும்பியது. ஓட்டியவன் வேலாயுதத்தின் டிரைவர் ஜெயராஜ். பின் இருக்கையின் ஒரு கோடியில் தங்கரத்தினம், மறு கோடியில் கனகசபை. நடுவில் தாராளமாக இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"ஜெயராஜ்," என்றாள் அவள். "என்ர பக்கத்தில இருக்கிற ஐயாவைக் கேள், மூக்கு இன்னும் அந்தக் கிளாசுக்குள்ளயோ கிடக்குதெண்டு."

ஜெயராஜ் கண்ணாடியில் பார்த்தான். "ஐயா, உங்களுக்கு ஜலதோஷமான்னு அம்மா கேக்கறாங்க."

"அம்மாவிட்டைச் சொல்லு, அந்த மூக்குத்தான் எங்கட வீட்டுக்குச் சோறு போடுதெண்டு."

"அம்மா, ஐயாவுக்குப் பசிக்குதாம்."

"நான் கேட்டது அதில்லையே! அவர் சொன்னதும் அதில்லை! ஏனடா நீ மாத்தி மாத்திச் சொல்லுறாய்?"

"சண்டைக்காரங்களுக்கு நடுவுல இருக்கறவன் கொஞ்சம் மாத்தித்தான் லா சொல்லணும், அம்மா," என்றான் ஜெயராஜ் அமைதியாக. "உள்ளபடியே சொன்னா ரெண்டு பேரும் ஓடற கார்லேர்ந்து குதிச்சுருவீங்க. எங்க முதலாளி வீட்டுலயும் இப்ப இந்தக் கதைதானே. சாம்பார்ல உப்பு போதாதுன்னாகூட அவர் பெரியம்மாகிட்ட சொல்லி, பெரியம்மா போய்ச் சின்னம்மாகிட்ட சொல்லணும்."

தங்கரத்தினம் பதிலுக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

ரெண்டு வாரமாகப் பேச்சில்லை. ஆட்டுக்கறி சொன்னேன், மீன்தான்னு பதில் வந்துச்சு. பதில் யார் வாய் வழியாக வந்தது?

மூலையில் பாக்குவெட்டிச் சத்தம். பாக்குவெட்டி தானாக வெட்டுமா? ஆணும் பெண்ணும் தனியாக இருக்கக்கூடாது என்று வீட்டில் ஒரு பெரிய மனுஷியைத் துணைக்கு உட்கார வைப்பார்கள். உட்கார வைத்தபிறகு நாற்காலியைப் போல அவளையும் மறந்துவிடுவார்கள். பாடம் நடந்தது தமிழில். மாணாக்கன் கேட்கவில்லை. மூலையில் இருந்தவள் கேட்டாள்.

பால் போய் துவர்ப்பைக் கட்டிப் போட்டுரும். கொழுப்பு போய் துவர்ப்பைக் கட்டிப் போட்டுரும். ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு வாய்!

"ஜெயராஜ்!" என்று கத்தினாள். "ஐயாவிட்டைச் சொல்லு. இதை மாத்தாமச் சொல்லு. மீனை வைக்கச் சொன்னது இராஜம்மாதான் எண்டு."

கனகசபை நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்லிமுடிக்க ஜெயராஜுக்கு வேலையே இருக்கவில்லை. "ஓம்... தம்பிக்கு ஒரு சேதி, தம்பி பெஞ்சாதிக்கு ஒரு சேதி. ரெண்டு பேரும் மற்றவர்தான் சொன்னதெண்டு நம்பியிருக்கினம். ஆனா ஏன்? அந்தப் பெட்டையை வீட்டை விட்டுக் கலைக்கவோ? அப்பிடியெண்டா எங்களை ஏன் கூப்பிட்டவ?"

"அதையும் கண்டுபிடிக்கலாமெண்டு சொல்லு. பாசார்ல நிப்பாட்டு. கொழுப்போட ஆட்டுக்கறி வேணும். சந்திரகலா சமைச்சு அடுப்பில வைக்கட்டும். பிறகு ஐயா எல்லாருக்கும் முன்னால ஒரு பொய் சொல்லோணும். புதுப் போத்தல் ஒண்டைத் திறப்பம், அதுவும் கசந்தா கப்பல்லயே பழுதாப் போன சரக்கு, சந்திரகலாவில பிழையில்லை. இனிச்சா அவ கலந்ததுதான், ரயிலேறட்டும். இதைச் சொல்லிப்போட்டுப் பரிமாறுற வேலையை இராஜம்மாவிட்டை விடோணும். ஆட்டுக்கறி மேசைக்கு வந்தா, அவ அந்தப் பெட்டையைக் கலைக்கத்தான் செய்தவ."

"மீன் வந்தா?" என்று கேட்டது கனகசபை இல்லை. ஜெயராஜ்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாள் தங்கரத்தினம்.

ஈப்போவுக்குப் போகிறவள் கடைசியாக ஒரு வேளை சமைக்கட்டும் என்று கேட்டதும் சந்திரகலா மறுக்கவில்லை. மத்தியானம் திரும்புவதற்குள் ஆட்டுக்கறி வாசனை வீடு முழுவதும் நிறைந்துவிட்டது. சட்டியை இறக்கி அடுப்போரம் வைத்துவிட்டு அவள் மறுபடியும் பெட்டியிடம் போய்விட்டாள்.

கனகசபை கூடத்தில் நின்று, நீதிபதி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தங்கரத்தினம் எழுதிக் கொடுக்காத அந்தப் பொய்யை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். வேலாயுதம் புதுப் போத்தலைத் திறந்தார். "அக்கா, சாப்பாட்டை எடுத்து வை," என்றார். இராஜம்மா போத்தலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காத்திருந்தார்கள். சுவரில் ஒரு பல்லி மட்டும் நடமாடிற்று. சமையலறையில் எண்ணெய் காயும் ஓசை. பிறகு ஐஸ் உடைக்கும் ஓசை. தங்கரத்தினம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். தன் கணிப்பு பொய்த்தால் அந்தப் பெண் சாயங்காலம் ரயிலில் இருப்பாள். தன்னுடைய வாய் போன போக்கில் ஒரு குடும்பம் உடைந்துபோகும்.

இராஜம்மா வந்தாள். ஒரு கையில் பொரித்த தெங்கிரி மீன், ஐஸ் பெட்டியில் மீந்திருந்தது. மேலே பச்சை பச்சையாகச் சிலி பாடிச் சம்பால். வேலைக்காரி பின்னால் ஐஸ் வாளியைத் தூக்கி வந்தாள். அதற்குள் போத்தல், கழுத்து வரை குளிரில்.

வேலாயுதம் ஒரு துண்டு மீனைத் தின்று, கிளாசைத் தூக்கிக் குடித்தார். முகம் சுருங்கிற்று. "அதே இரும்பு! அதே கசப்பு!"

"பாத்தியா தம்பி!" இராஜம்மா கிட்டத்தட்டக் கூவினாள். "கப்பல்லயே கெட்ட சரக்கு! பாவம், சந்திரா மேல பழியைப் போட்டியே! போ, போய்ப் பெட்டியை இறக்கச் சொல்லு!"

தங்கரத்தினத்தின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் எதிர்பார்த்ததுதான், ஆனாலும்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "அடுப்பில ஆட்டுக்கறி சுடச்சுட இருக்கேக்க, ஏன் மீன் பொரிச்சனீங்கள்?"

இராஜம்மாவின் கை தட்டின் ஓரத்திலேயே நின்றது.

"ஐஸ் வைக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. மிளகாய் கேட்டதும் ஒருத்தருமில்லை. காலையில எனக்குப் பால் ஊத்தேக்க ஒரு வசனம் சொன்னீங்கள். அது மார்க்கிரட்டின்ர வசனம். வியாழக்கிழமையில மூலையில இருந்து பாக்கு வெட்டினது நீங்கள்தானே?"

வேலாயுதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கனகசபை அவர் தோளில் கை வைத்து இரண்டே வாக்கியத்தில் விளக்கினார். அதற்குள் வாசலில் சந்திரகலா வந்து நின்றிருந்தாள்.

"அண்ணி," என்றாள் அவள். "அவர் மீன்தான் வேணும்னு சொன்னார்னு நீங்கதானே சொன்னீங்க? காரமா இருக்கணும், ஐஸ்ல வைக்கணும்னு..."

"நான்தாம்மா சொன்னேன்." இராஜம்மா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். தம்பியைப் பார்த்துத்தான் பேசினாள். "நீ பொடியனா இருந்த நாள்லேர்ந்து ஒரு கறி இறக்கினா என் உள்ளங்கையில வாங்கி ருசி பாப்பே. இவ வந்தப்புறம் இவகிட்ட வாங்கினே. அது நியாயம், வயிறெரியலை. ஆனா அந்த டீச்சர் கிளாசை நீட்டினா கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாக்கறே. இந்தப் பொண்ணு உள்ளே அழறது மூலையில இருக்கற எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலை. எரிஞ்சுச்சுடா. பாடம் பொய்யாப் போனா பாடம் சொன்னவளைத்தான் திட்டுவே, அவ வரத்து நின்னுரும்னு நினைச்சேன். நீ இவ தலையில போட்டுட்டே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அக்கா..."

"வாயெடுத்தேன். உன் முகத்தைப் பாத்ததும் பயம். அதான் ஐயாவைக் கூப்பிட்டேன். போத்தல் கெட்டதுன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்னு." அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னிக்கும் மறுபடி அதையேதான் செஞ்சேன். இவ போகக்கூடாதுன்னு."

கனகசபை சமையலறைக்குப் போய் ஆட்டுக்கறிச் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். பழைய போத்தலிலிருந்து ஊற்றினார், ஐஸ் இல்லாமல். வேலாயுதம் ஒரு துண்டுக் கறியை மென்று, வேண்டாவெறுப்பாக ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். நாவல்பழத்தைப் பற்றியும் சுருட்டுப் பெட்டியைப் பற்றியும் படித்ததெல்லாம் அவருக்கு அப்போது நினைவில்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்ட மனுஷனின் முகம் மட்டும் இருந்தது. அந்த முகம் மெதுவாகச் சிவந்தது.

"அக்கா," என்றார், பழக்க தோஷத்தில். "அவகிட்ட சொல்லு, பெட்டியை..."

"நேராச் சொல்லுங்கோ!" என்றாள் தங்கரத்தினம். "நடுவில ஆளை வைச்சுப் பட்டது போதாதோ?"

வேலாயுதம் எழுந்து வாசலருகே போனார். மனைவிக்கு எதிரே நின்று, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவள் கையிலிருந்த பெட்டிச் சாவியைப் பார்த்தார்.

"பெட்டியைப் பிரிச்சுடு, சந்திரா. கறி... ரொம்ப நல்லா இருக்கு."

இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நேராக வந்த முதல் பேச்சு அது. சந்திரகலா உடனே இளகிவிடவில்லை.

"அந்தத் துரையை ஞாயித்துக்கிழமை மறுபடி கூப்பிடுங்க," என்றாள். "ஆட்டுக்கறி நான் செய்யறேன். அந்த டீச்சரையும் கூப்பிடுங்க. இன்னும் பாடம் பாக்கி இருந்தா நானும் உட்கார்ந்து படிக்கறேன். அண்ணி பாக்கு வெட்ட வேணாம், என் பக்கத்துல வந்து உட்காரட்டும்." பிறகுதான் சாவியை அவர் கையில் வைத்தாள். "நீங்களே பிரிங்க. நீங்க கட்டச் சொன்ன பெட்டிதானே."

இராஜம்மா எழுந்து, யார் பக்கமும் பார்க்காமல், மீன் தட்டை உள்ளே கொண்டுபோனாள். சந்திரகலா பின்னாலேயே போனாள்.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பும் வழியில் வெயில் தணிந்திருந்தது. பின் இருக்கையின் நடுவில் இப்போதும் அதே இடம் காலியாக இருந்தது, பழுப்புத்தாள் பொட்டலம் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தது. தாள் ஒரு பக்கம் கிழிந்து போத்தலின் கழுத்து எட்டிப் பார்த்தது.

"ஜெயராஜ்," என்றார் கனகசபை, தொண்டையைச் செருமிக்கொண்டு. "அம்மாவிட்டைச் சொல்லு, மார்க்கிரட் டீச்சர் அன்பளிப்பாத் தந்தது. நல்ல போர்தோவாம். இண்டைக்கு ராச்சாப்பாட்டோட குடிச்சுப் பாக்கலாமெண்டு நினைக்கிறன்."

ஜெயராஜ் கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இதை எப்படி மாற்றிச் சொல்வது என்று அவனுக்கே தெரியவில்லை.

அவனுக்கு அந்தச் சிரமத்தை அவள் வைக்கவில்லை. மார்க்கிரட் வீட்டை விட்டு வந்ததிலிருந்து முதல்முறையாகக் கணவன் பக்கம் நேராகத் திரும்பி, அன்பு சொட்டச் சொட்டச் சிரித்தாள்.

"வடிவாக் குடியுங்கோ," என்றாள் தங்கரத்தினம். "இண்டைக்கு எங்கட வீட்டில மீன்."